குற்றாலலிங்கத்தின் மூன்றாவது கூப்பாடு

என் தம்பி குற்றாலலிங்கம் திருவனந்தபுரத்தில் ஒரு முன்சீப் கோர்ட்டில் பெயர் கூப்பிடுகிற சேவகன். எந்தக் கோர்ட் என்று எழுத வேண்டாமென்று அவன் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. தோளில் குறுக்கே டவாலி, தலையில் வெள்ளைத் தலைப்பாகை, கையில் அன்றைய கேஸ்களின் பட்டியலான ஜாபிதா. வராந்தாவின் கடைசித் தூணருகே நின்று அவன் ஒரு பெயரைக் கூப்பிட்டால், தம்பானூர் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருக்கிறவர்களில் அந்தப் பெயர் உள்ளவன் திரும்பிப் பார்ப்பான். அக்கா என்பதால் கூட்டிச் சொல்லவில்லை. அப்படித் திரும்பிப் பார்த்த ஒருவர் கோர்ட்டுக்கே ஓடி வந்து, அது வேறு ஆளுக்கான கூப்பாடு என்று தெரிந்து, அதற்குள் வண்டி போய்விட்டதென்று சண்டை போட்டிருக்கிறார்.

பெயர் கூப்பிடுவது என்றால் வாயைத் திறந்து கத்துவதுதானே என்று நினைப்பவர்கள் உண்டு. சாலைக் கடைத்தெருவில் கொப்பரைக் கடையில் இருக்கும் என் வீட்டுக்காரரே அப்படித்தான் நினைத்திருந்தார். இந்த ஊரில் ஒருவன் பெயர் என்பது அவன் பெயரோடு முடிவதில்லை. வீட்டுப் பெயர், அப்பா பெயர், அதன் பிறகுதான் அவன். "மேலேவிளாகத்து புத்தன்வீட்டில் பத்மநாபன் நீலகண்டன் ஹாஜருண்டோ" என்பது ஒரே ஒரு ஆள். நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள், எழுத்தெண்ணிப் பார்த்தேன். ஆள் வந்திருக்கிறானா என்று கேட்கிற அந்த ஹாஜருண்டோவையும் சேர்த்து முப்பத்திரண்டு எழுத்து. அதை நடுவில் மூச்சு விடாமல் சொல்ல வேண்டும். மூச்சு விட்டால் இரண்டு ஆட்கள் என்று நினைத்துக்கொண்டு இரண்டு பேர் வருவார்கள். அதையும் மூன்று தடவை கூப்பிட வேண்டும். மூன்றாவது கூப்பாட்டுக்கும் பதில் இல்லையென்றால் கேஸ் தள்ளுபடி. ஆகையால் முதல் இரண்டு கூப்பாடும் மரியாதைக்கு, மூன்றாவதுதான் சட்டம்.

இப்படிப்பட்ட வேலை பார்க்கிறவனுக்குத்தான் ஆண்டவன் இழுப்பு நோயைக் கொடுத்திருந்தான்.

நாங்கள் செங்கோட்டைக்காரர்கள். அவனைவிட நான் ஒன்பது வயது மூத்தவள். நாலு வயதில் அவனுக்கு முதல் இழுப்பு வந்தபோது இடுப்பில் வைத்திருந்தவள் நான்தான். மார்பில் காதை வைத்துக் கேட்டால், உள்ளே ஒரு நாதஸ்வர கோஷ்டி கச்சேரிக்கு முன்னால் சுருதி சேர்த்துக்கொண்டிருப்பதுபோல இருக்கும். வளர்ந்த பிறகும் அந்தக் கோஷ்டி கலையவில்லை. வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை வந்து, ஒவ்வொரு தடவையும் மூன்று வாரம் தங்கியது.

ஏன் வருகிறது என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். தயிர் என்றார்கள், நிறுத்தினோம். பூவன் பழம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார்; வீட்டுக்குள் பழமே வரக்கூடாதென்று தாரைப் பின்கட்டு விட்டத்தில் தொங்கவிட்டு, அங்கேயே நின்று அவர் மட்டும் தின்றார். அமாவாசை என்றார்கள், அதை நிறுத்த வழியில்லை. எதிர்வீட்டுப் பூனை இவன் முகத்தைப் பார்த்துக் கொட்டாவி விட்டதுதான் என்று ஒருத்தி சொன்னாள். அந்தப் பூனையையும் ஒரு வாரம் கவனித்தேன். அது எல்லாரையும் பார்த்துத்தான் கொட்டாவி விடுகிறது.

எனக்கு எதையும் எழுதி வைத்துப் பார்த்தால்தான் மனசு ஒப்பும். கொல்லம் 1108-ஆம் வருஷம் சிங்க மாதத்தில், நம் ஆவணியில், ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்தேன். தம்பி தினமும் என்ன சாப்பிட்டான், எந்தத் தண்ணீரில் குளித்தான், மழையா வெயிலா, பூனை எங்கே இருந்தது, யார் வீட்டுக்கு வந்தார்கள், இழுப்பு உண்டா இல்லையா என்று கட்டம் போட்டு எழுதினேன். இரண்டு வருஷம் எழுதினேன். ஏழு இழுப்பு. எனக்குத் தெரியாமல் தயிர் சாப்பிட்ட அன்று வந்தது ஒன்றுதான். அமாவாசைக்கு ஒன்றுகூட இல்லை. ஆனால் ஏழுக்கும் முன்னால், இரண்டு நாளிலோ மூன்று நாளிலோ, நான் யோசிக்காமல் ஓரத்தில் எழுதி வைத்த ஒரே சொல் இருந்தது: தடுமம். எங்கள் பக்கத்தில் ஜலதோஷத்துக்கு அதுதான் பேர். முதலில் மூக்கு ஒழுகும். மூக்கு நிற்கும். எல்லாரும் "சரியாப் போச்சு" என்று சொல்லும்போது கோஷ்டி வந்து உட்காரும்.

நோட்டைத் தூக்கிக்கொண்டு, தம்பியையும் கூட்டிக்கொண்டு, டாக்டர் யோசுவாவிடம் போனேன். நெய்யாற்றின்கரைப் பக்கத்திலிருந்து வந்து சாலைக் கடைத்தெருவில் சின்னதாக ஆஸ்பத்திரி வைத்திருந்தவர். அவர் தம்பியைப் பார்ப்பதற்கு முன் நோட்டைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"பூனைக்குத் தனிக் கட்டமா?" என்றார்.

"சந்தேகம் யாரு மேலயும் இருக்கலாம்லா, டாக்டரே."

"சரியாத்தான் போட்டிருக்கிய. எனக்க கம்பவுண்டர் இப்பிடி எழுத மாட்டான்." அதன் பிறகு எங்களுக்குப் புரியும்படி சொன்னார். "தடுமம்னா கண்ணுக்குத் தெரியாத கிருமியாக்கும். மத்தவங்களுக்கு அது மூக்கோட வந்து மூக்கோட போயிரும். இவருக்கு மூச்சுக்குழல்வரை எறங்கி வீங்க வச்சிட்டுப் போகுது. கிருமி ஒரு வாரத்துல போயாச்சு. வீக்கம் மூணு வாரம் கெடக்கும். நீங்க மூக்கைப் பாத்துட்டு மருந்தை நிறுத்துதீங்க. அங்கதான் தப்பு."

இழுப்பு வந்த பிறகு ஓடி வரக்கூடாது என்றார். முதல் தும்மலிலேயே வேலையைத் தொடங்க வேண்டும். பச்சைத் தண்ணீர்க் குளி கிடையாது. சாய்மானம் வைத்து உட்கார்ந்த மாதிரியே படுக்க வேண்டும். நெஞ்சு கட்டினால் ஊமத்தை இலைப் பொடியைத் தட்டில் கொளுத்தி, அவர் சொன்ன அளவுக்கு மேல் போகாமல் புகை பிடிக்க வேண்டும். பால் இல்லாத கடுங்காபி நல்லது. கசப்பான சின்ன மாத்திரைகளும் கொடுத்தார்; காலையில் அரை மாத்திரை, சாயங்காலம் அரை, முழுசு கூடாது. மூக்கு நின்ற பிறகும் மூன்று வாரம் இதெல்லாம் நடக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், தடுமம் பிடித்தவர்கள் பக்கத்தில் போகாமலிருப்பது.

"கோர்ட்டுல எல்லாருக்கும் தடுமம்தான் டாக்டரே," என்றான் தம்பி.

"அப்பம் வீட்டிலயாவது இல்லாமப் பாத்துக்கிடுங்க," என்று என்னைப் பார்த்தார். அந்தப் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன்.

இவ்வளவு தெரிவதற்குள் கோர்ட்டில் விஷயம் முற்றியிருந்தது. அந்த வருஷத்து ஆனி மாத இழுப்பில் அவனால் இரண்டு தடவை கூப்பிட முடிந்தது, மூன்றாவது வரவில்லை. தூணுக்குப் பின்னால் போய் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பான். மூன்றாவது கூப்பாடு இல்லாமல் கேஸைத் தள்ள முடியாது. முன்சீப் பேனாவோடு காத்திருந்து பார்த்துவிட்டு அடுத்த கேஸ் கட்டை எடுப்பார். ஒருநாள் மூன்றாவது கூப்பாடு எங்கே என்று கேட்க அவரே எழுந்து வராந்தாவுக்கு வந்துவிட்டார்.

"எடோ, மூணாமத்தெ விளி எவிடெ?"

பதில் சொல்லவும் மூச்சு வேண்டுமே. தம்பி கையை ஆட்டி, வந்துகொண்டிருக்கிறது என்று காட்டினான்.

"அதெந்தாடோ, பஸ்ஸாணோ, வைகி வரான்?" தாமதமாக வருவதற்கு அதென்ன பஸ்ஸா என்று மலையாளத்தில் கேட்டுவிட்டு அவர் உள்ளே போனார்.

குற்றாலலிங்கம் அந்த வேலையில் ஆறு வருஷமாக ஆக்டிங். அவனை நிரந்தரம் செய்கிற காகிதம் முன்சீப்பின் மேஜையில் இருந்தது. ஐப்பசி மாதம் முழுவதும் ஒவ்வொரு பெயருக்கும் மூன்று கூப்பாடு தன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கேட்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வேலை போனால் இவன் போகக்கூடிய இடம் ஒன்றுதான். ராஜபாளையத்தில் எங்கள் மாமா பஞ்சுக் கிட்டங்கி வைத்திருக்கிறார். வருஷா வருஷம் "பையனை அனுப்பு" என்று கார்டு போடுவார். ஒரு தரம் அந்தக் கிட்டங்கிக்குள் பத்து நிமிஷம் நின்றதற்கு இவனை மாட்டுவண்டியில் படுக்கவைத்துத்தான் கொண்டு வந்தோம். பஞ்சு காற்றில் மிதக்கிற இடத்தில் இவன் ஒரு மாதம் தாங்கமாட்டான். ஆகவே, ஐப்பசிக்கு முப்பது நாள். அதற்குள் இவனுக்குத் தடுமம் வரக்கூடாது, வந்தால் இறங்கக்கூடாது.

இதற்கு எதிராக ஒரே ஒரு மனிதர் பாடுபட்டார். அவர் ஆறுமுகநயினார்.

அவரும் செங்கோட்டைக்காரர்தான். சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் குடியிருந்தார். ஒரு கிணற்றுக் கைப்பிடிச்சுவர் யாருடையது என்று சித்தப்பா மகனோடு பதினோரு வருஷமாக வழக்கு. வக்கீல்கள் தன் பேச்சைக் கேட்பதில்லை என்று மூன்று பேரை அனுப்பிவிட்டுத் தானே வாதாடினார். கேட்டவர்கள் அவர் வாதத்தில் குறை சொன்னதில்லை. ஆனால் அவருடைய வாய்தா எப்போதும் வெள்ளிக்கிழமையே வந்தது. வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. கோர்ட் தொடங்குவது பதினொன்று. பத்தரைக்கு முன்னாலேயே கிளம்பி வரலாமே என்று கேட்டால், "கோர்ட் படியேறி நிக்கும்போது ராகு காலமா இருந்தா, வீட்டை விட்டு நல்ல நேரத்துல எறங்கி என்ன பிரயோஜனம்?" என்பார். ஆகவே பன்னிரண்டு அடித்த பிறகுதான் வருவார். தம்பி நல்ல உடம்போடு இருக்கும் வெள்ளிக்கிழமைகளில் அவருக்காக யாராவது ஓடி வந்து காய்ச்சல் என்று மனுக்கொடுப்பார்கள். தம்பிக்கு இழுப்பு இருக்கும் வெள்ளிக்கிழமைகளில் மூன்றாவது கூப்பாடு எப்படியும் பன்னிரண்டைத் தாண்டும். ஆனியில் இதை ஆறுமுகநயினார் கண்டுபிடித்துவிட்டார். அன்றிலிருந்து என் தம்பியின் ஆரோக்கியத்தில் அவருக்கு இருந்த அக்கறை எங்கள் மாமாவுக்குக்கூட இருந்ததில்லை.

நான் வாசலில் ஒரு பரிசோதனை வைத்திருந்தேன். யார் வந்தாலும் நிலைப்படிக்கு வெளியே நின்று "மாமா" என்று ஒருதரம் சொல்ல வேண்டும். மூக்கு அடைத்திருப்பவனால் அதைச் சொல்ல முடியாது. வயது வித்தியாசம் பார்க்கவில்லை. மண்ணெண்ணெய்க்காரர், தபால்காரர், என் வீட்டுக்காரர், எல்லாரும் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். என் வீட்டுக்காரர் முதல் நாள் முறைத்தார். பிறகு கடையிலிருந்து வரும்போது தெருமுனையிலேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வருவதாகக் கேள்வி.

ஐப்பசி பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை, ஆறுமுகநயினார் ஒரு சீப்பு நேந்திரம் பழத்தோடு வந்தார். கூடவே நாலு வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பேத்திகள்.

"தங்கச்சி, தம்பிக்கு ஒடம்பு எப்பிடி இருக்கு?"

"நல்லா இருக்கு அண்ணாச்சி."

அவர் முகம் வாடியது. "நல்லாவா? நேத்து அந்த மழை பெஞ்சுதே, நனையலையா?"

"குடை கொண்டு போனான்."

"தும்மல்?"

"இல்ல."

"ஒண்ணு ரெண்டுகூடவா இல்ல?"

"ஒண்ணுகூட இல்ல அண்ணாச்சி. உங்க புண்ணியம்."

"என் புண்ணியம் இல்ல தங்கச்சி," என்றார் உண்மையான வருத்தத்தோடு. "சரி, இந்தப் புள்ளைய ரெண்டும் குற்றாலலிங்க மாமாவைப் பாக்கணும்னு காலேல இருந்து ஒரே அழுகை."

"இதுக ரெண்டும் அவனைப் பாத்ததே இல்லையே."

"அதான் அழுகை."

நான் குனிந்து மூத்தவளிடம், "மாமான்னு சொல்லு கண்ணு," என்றேன்.

"மாமா," என்றது அது.

இளையவளைக் கேட்டேன். அது ஒருமுறை மூக்கை உறிஞ்சிவிட்டு, "பாபா," என்றது.

"அது மழலை தங்கச்சி."

"தாத்தா பேரைச் சொல்லு கண்ணு."

"ஆறுபுகதயிதார்," என்றது குழந்தை.

"அண்ணாச்சி, புள்ளையக் கூட்டிட்டுப் போயி வேது பிடிக்க வைங்க. பழத்தை அங்கயே வச்சிருங்க. நாளைக்குக் கழுவி எடுத்துக்கிடுதேன்."

"ஒரு மனுசன் பழம் கொண்டு வந்தா வாசல்ல நிக்க வச்சி மூக்கைச் சோதிக்கிய. செங்கோட்டையில இதெல்லாம் உண்டுமா?"

"செங்கோட்டையில தடுமத்தை இடுப்புல தூக்கிட்டு வந்து குடுக்கதும் இல்லியே அண்ணாச்சி."

உள்ளேயிருந்து தம்பி சிரிக்கிற சத்தம் கேட்டது. ஆறுமுகநயினாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "உம் மூளைக்கு நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும் தங்கச்சி. நான் உன்னையும் நாலாவதா அனுப்பியிருப்பேன்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

இதோடு நிறுத்தியிருந்தால் என் காவலில் குறை சொல்ல முடியாது. அந்தச் சின்னது திரும்பிப் போகும்போது மூக்கிலிருந்து ஒரு கோடு உதட்டுவரை வந்துவிட்டது. தாத்தா கவனிக்கவில்லை. எனக்கு அப்படி ஒரு மூக்கைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கத் தெரியாது. கூப்பிட்டு நிறுத்தி என் முந்தானையாலேயே துடைத்துவிட்டேன்.

ஐப்பசி இருபது, செவ்வாய்க்கிழமை மத்தியானம் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது நான் தும்மினேன். அடுப்படியில் தனியாக நின்று "மாமா" என்று சொல்லிப் பார்த்தேன். பாபா என்று வந்தது.

சமையலை என் வீட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அவர் வைத்த ரசத்தைப் பற்றி எழுதப்போவதில்லை. எப்படியும் காலம் கடந்துவிட்டது. இருபத்திரண்டாம் தேதி வியாழக்கிழமை காலையில் கூடத்திலிருந்து தம்பியின் தும்மல் கேட்டது. அவன் தும்மலும் கூப்பாட்டைப் போலத்தான்; தெருவுக்கே கேட்டிருக்கும்.

"அக்கா, ஒண்ணு," என்று கதவுக்கு வெளியே நின்று அறிக்கை கொடுத்தான்.

"மணி என்ன?"

"ஏழு பத்து."

எழுதிக்கொண்டேன். ஏழே காலுக்கு அரை மாத்திரை உள்ளே போயிற்று. ஏழரைக்கு வெந்நீர். எட்டுக்குக் கடுங்காபி. டாக்டர் சொன்னதில் ஒன்றையும் விடவில்லை. முந்தைய ஏழு தடவையும் நாங்கள் தொடங்கியது இழுப்பு வந்த பிறகு. இந்தத் தடவை இழுப்புக்கு இரண்டு நாள் முன்னாலேயே தொடங்கிவிட்டோம். சனிக்கிழமை இருபத்துநாலாம் தேதி கோஷ்டி வரத்தான் செய்தது. ஆனால் முழுக் கோஷ்டி வரவில்லை. ஒத்து ஊதுகிறவர் மட்டும் வந்த மாதிரி இருந்தது.

கூப்பிடும் முறையையும் மாற்றினோம். டாக்டர் ஒரு வழி காட்டியிருந்தார். ஒரு கூப்பாடு முடிந்ததும் மூச்சை அவசரமாக இழுக்கக் கூடாது. சூடான காபியை ஊதி ஆற்றுவதுபோல உதட்டைக் குவித்து மெல்ல வெளியே விட வேண்டும். உள்ளே இருக்கிற பழைய காற்று போனால்தான் புதுக் காற்றுக்கு இடம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கிணற்றடியில் நின்று இதைப் பழகினான். முப்பத்திரண்டு எழுத்து நீலகண்டனைக் கூப்பிட்டு, ஊதி, மறுபடியும் கூப்பிட்டு, ஊதி, மூன்றாவதும் கூப்பிட்டான். பக்கத்து வீட்டில் யார் அந்த நீலகண்டன், கிணற்றில் விழுந்துவிட்டானா என்று கேட்டார்கள்.

திங்கட்கிழமை மட்டும் ஒரு பிசகு. நான் பின்கட்டில் இருந்ததால் மேற்பார்வை இல்லை. அவனாகவே ஒரு முழு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஒரு செம்பு கடுங்காபியும் குடித்துவிட்டுப் போயிருக்கிறான். நெஞ்சு படபடவென்று அடித்ததாம், மூச்சு தாராளமாக இருந்ததாம், கை நிற்கவில்லையாம். அன்றைய ஜாபிதாவிலிருந்த பெயர்களை மூன்று மூன்று தடவை அரை மணியில் கூப்பிட்டு முடித்துவிட்டு, கையிலிருந்த செவ்வாய்க்கிழமை ஜாபிதாவையும் தொடங்கிவிட்டான். அதில் இரண்டு பேர் ஏதோ வேலையாக வளாகத்தில் இருந்தவர்கள் "ஹாஜர்" என்று ஓடி வந்து நின்றார்கள். முன்சீப் எட்டிப் பார்த்து, "மதி, மதி, நாளெ உள்ளதும் இன்னு வேண்டா" என்று, போதும், நாளைக்குள்ளது இன்றைக்கு வேண்டாமென்று நிறுத்தினார். டாக்டரிடம் நான் சொல்லியனுப்பினேன். அவர் இனி மாத்திரையைத் தானே பாதியாக உடைத்துக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டார்.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் ஒரு கூப்பாடுகூடக் குறையவில்லை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் நன்றாக இடைவெளி விட்டான். முன்சீப் கடியாரத்தைப் பார்த்துவிட்டு அடுத்த கேஸை எடுத்தார். மிச்சம் ஒரு நாள், ஐப்பசி முப்பது, வெள்ளிக்கிழமை. அன்று ஆறுமுகநயினாரின் வாய்தாவும் இருந்தது.

எனக்குத் தடுமம் விட்டிருந்தது. கோர்ட்டுக்குப் பெண்கள் அதிகம் போவதில்லைதான். என்றாலும் ஒரு தூக்குச்சட்டியில் கடுங்காபி எடுத்துக்கொண்டு பத்து மணிக்கே போய் வளாகத்து மாமரத்தடியில் நின்றேன். அங்கே எனக்கு முன்னாலேயே ஆறுமுகநயினார் நின்றுகொண்டிருந்தார். கழுத்தைச் சுற்றி இரண்டு சுற்று கம்பளிச் சால்வை.

"என்ன அண்ணாச்சி, வெள்ளிக்கிழமையும் அதுவுமா இந்த நேரத்துல?"

அவர் வாயைத் திறந்தார். தென்னோலையைத் தரையில் இழுப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. பிறகு அதுவும் வரவில்லை. தொண்டையைத் தொட்டுக் காட்டினார். கையை இடுப்புயரத்துக்குத் தாழ்த்தி ஒரு குழந்தையைக் காட்டி, மூக்கைத் துடைத்துக் காட்டினார். சின்னப் பேத்தி தாத்தாவையும் விடவில்லை. கோர்ட்டில் மூன்று கூப்பாடும் கணக்காக விழுகிறது என்று கேள்விப்பட்டு, பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக ராகு காலத்தைக் கோர்ட் வாசலிலேயே கழிக்க வந்திருந்தார். வந்தவருக்குக் குரல் இல்லை.

அந்தக் கோர்ட்டில் ஒரு வழக்கம். கட்சிக்காரன் படிக்குக் கீழே நின்று, தன் பெயர் கேட்டதும் "ஹாஜர்" என்று உரக்கச் சொல்ல வேண்டும். அதைச் சேவகன் உள்ளே திரும்பிச் சொன்ன பிறகுதான் படியேறலாம். வாயால் சொல்லாமல் ஏறுகிறவனை இறக்கிவிடுவார்கள்.

பதினொன்று இருபத்தைந்துக்குத் தம்பி தூணருகே வந்தான். முகம் வெளுத்திருந்தது. அதுவரை பதினாறு பேரைக் கூப்பிட்டிருந்தான். ஜாபிதாவைப் பார்த்து மூச்சைச் சேர்த்துக்கொண்டான்.

"செங்கோட்டை மேலத்தெரு சங்கரநயினார் மகன் ஆறுமுகநயினார் ஹாஜருண்டோ."

ஆறுமுகநயினார் கடைசிப் படிக்குக் கீழே, அவனுக்கு நாலு முழ தூரத்தில் நின்றார். வாயைப் பெரிதாகத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. கையைத் தூக்கி ஆட்டினார்.

தம்பி அவரை நேராகப் பார்த்தான். உதட்டைக் குவித்து மெல்ல ஊதினான். பிறகு அவர் முகத்துக்கு நேராகவே இரண்டாவது தடவை அதே பெயரைக் கூப்பிட்டான்.

ஆறுமுகநயினார் சால்வையை அவிழ்த்து வீசினார். தன் மார்பில் தட்டிக் காட்டினார். குதித்தார். அறுபத்திரண்டு வயது மனிதர் குதிப்பதை அன்றுதான் பார்த்தேன். சுற்றி நின்றவர்கள் இவருக்குச் சாமி வந்துவிட்டது என்று விலகி இடம் விட்டார்கள்.

கண்ணுக்கு எதிரே நிற்கிறவரை ஏன் மறுபடியும் கூப்பிட்டாய் என்று பிறகு தம்பியைக் கேட்டேன். "உள்ளே முன்சீப் விரலை மடக்கி எண்ணிட்டு இருந்தாரு அக்கா. ரெண்டு விரல்தான் மடங்கியிருந்துது," என்றான்.

இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் அவன் அதிக நேரம் ஊதினான். தோள் ஏறி ஏறி இறங்கியது. நான் தூக்குச்சட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்ததில் கையில் வளையம் பதிந்துவிட்டது. அவன் தூணில் ஒரு கையை ஊன்றினான். மூன்றாவது கூப்பாடு வந்தது. முதலிரண்டைவிடச் சத்தமாகவே வந்தது. தம்பானூரில் அந்த நேரத்தில் ஆறுமுகநயினார் என்று யாரும் இருந்திருந்தால் திரும்பிப் பார்த்திருப்பார்.

அதோடு மூச்சு தீர்ந்தது. அவன் அந்தத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். படிக்குக் கீழே ஆறுமுகநயினார் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார், குரலில்லாமல். ஜன்னல் வழியாக எனக்கு முன்சீப் தெரிந்தார். மூன்றாவது விரலை மடக்கிவிட்டுப் பேனாவை எடுத்து மையில் தோய்த்தார். பதினோரு வருஷத்துக் கிணற்றுச்சுவர் தள்ளுபடியாகப் போகிறது.

என் தம்பி கூப்பிட வேண்டியதைக் கூப்பிட்டாகிவிட்டது. இனி பேசாமல் நின்றால் அவனை யாரும் குறை சொல்ல முடியாது. தனக்கு நோய் வர வேண்டுமென்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த மனிதருக்காக இல்லாத மூச்சைத் தேட வேண்டிய கட்டாயமும் இல்லை. அவன் தேடினான். உதட்டைக் குவித்தான், ஊதினான், வாசல்பக்கம் திரும்பினான்.

"எஜமானே," என்றான். ஒரு மூச்சு. "ஆள் ஹாஜருண்டு." இன்னொரு மூச்சு. "ஒச்ச… ஹாஜரில்ல."

ஒச்ச என்றால் மலையாளத்தில் சத்தம், குரல். முன்சீப் பேனாவோடு எழுந்து வந்து பார்த்தார். ஆறுமுகநயினார் வாயைத் திறந்து உள்ளே ஒன்றுமில்லை என்று காட்டினார். அந்த முன்சீப் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அன்றும் பார்க்கவில்லை, கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் இருமினார். பிறகு, பேச முடியாதவர் எப்படி வாதாடுவார் என்று கேஸை இரண்டு வாரம் தள்ளி வைத்தார். ஆறுமுகநயினார் வாயால் சொல்ல முடியாமல் விரலால் எழுதி எழுதிக் காட்டி, வெள்ளி வேண்டாம், புதன் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

மத்தியான இடைவேளையில் இரண்டு பேரும் படியில் உட்கார்ந்தார்கள். ஒருவருக்குக் குரலில்லை, ஒருவனுக்கு மூச்சில்லை. நான் தூக்குச்சட்டி மூடியில் கடுங்காபியை ஊற்றித் தம்பிக்குக் கொடுத்தேன். ஆறுமுகநயினார் கையை நீட்டினார்.

"உங்களுக்கு வேற பாத்திரம் அண்ணாச்சி," என்றேன். தண்ணீர்ப் பந்தலில் ஒரு கொட்டாங்கச்சி வாங்கி வந்து, தூரத்தில் வைத்து ஊற்றினேன். அவர் அதைக் குடித்துவிட்டு, தம்பியின் தோளில் தட்டப்போய், என் முகத்தைப் பார்த்துக் கையை மடக்கிக்கொண்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கோர்ட் நடக்கவில்லை. முன்சீப்புக்குத் தடுமம். குற்றாலலிங்கத்துக்கு இழுப்பு இன்னும் பத்து நாள் இருந்தது. மூக்கு நின்ற தேதியை எழுதி, அதிலிருந்து இருபத்தொரு நாள் எண்ணி, கடைசி அரை மாத்திரைவரை கொடுத்துத்தான் நிறுத்தினேன்.

கார்த்திகை பதினாலாம் தேதி காகிதம் வந்தது. மலையாளத்தில் நாலு வரி. தம்பி படித்தான், என் வீட்டுக்காரர் படித்தார், நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஆக்டிங் என்ற சொல் எங்கேயும் இல்லை. அன்று மத்தியானமே ராஜபாளையத்து மாமாவுக்கு நான் ஒரு கார்டு எழுதிப் போட்டேன்.

"குற்றாலலிங்கம் அங்கே வருவதற்கில்லை. இங்கே எல்லாரும் சௌக்கியம். அவனுக்கு வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை இழுப்பு வரும். எப்போது வரும் என்று எங்களுக்கு இப்போது முன்கூட்டியே தெரியும். நீங்கள் இந்தப் பக்கம் வந்தால் அவசியம் வீட்டுக்கு வர வேண்டியது. தடுமம் இருந்தால் விட்ட பிறகு வரவும்."